டயருக்கு எதைப் பூசுவது: லோஷனா, ஜெல்லா, ஸ்பிரேயா, ஒன்றுமே வேண்டாமா?

கார் ஆக்ஸசரீஸ் கடையில் டயர் பாலிஷ் அலமாரியைப் பார்த்தால் தலை சுற்றும். எல்லா லேபிளும் 'வெட் லுக்', 'அல்ட்ரா', 'சூப்பர் பிளாக்' என்றுதான் பேசும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: சிலிக்கோன் எண்ணெய். அதை எதில் கலந்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசமே. தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி ஒரு லோஷன். பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தால் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு திரவம், அல்லது கெட்டியான ஜெல். அதையே காற்றழுத்தத்தோடு கேனில் அடைத்தால் ஸ்பிரே. இவை போக, மாதக்கணக்கில் நிற்கும் கோட்டிங் ஒன்று இருக்கிறது. வாட்டர் வாஷ் கடையில் அடிக்கும் டீசலும், வீட்டில் தடவும் தேங்காய் எண்ணெயும் தனிக் கதை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிற்கிற, தினமும் ஓடுகிற, சொந்தக்காரரே கழுவுகிற காருக்குத் தண்ணீர் வகை லோஷன்தான் சரி. அதையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிய டயரில், மெல்லிசாகத் தடவ வேண்டும். மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் சின்னது. ஏன் என்று புரிய, டயர் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

டயர் ஏன் பழுப்பாகிறது

ரப்பர் பிறவியிலேயே கறுப்பு இல்லை. ஆரம்பகால டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. 1898-இல் வந்த, டயர்களை அடுக்கிச் செய்தது போன்ற மிஷலின் டயர் கம்பெனியின் பொம்மை இன்றைக்கும் வெள்ளையாக இருப்பது அந்தக் காலத்து மிச்சம். பிறகுதான் கார்பன் பிளாக் என்ற கரித்தூளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அது ரப்பரை உறுதியாக்கியது, தேய்மானத்தைக் குறைத்தது, கூடவே வெயிலின் புற ஊதாக் கதிரையும் தானே வாங்கிக்கொண்டது. ஆகவே வெயிலுக்கு டயரிடம் ஏற்கெனவே ஒரு குடை இருக்கிறது. பாலிஷ் பாட்டிலில் 'புற ஊதாப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

டயரின் பெரிய எதிரி ஓசோன். காற்றில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் இந்த வாயு, இழுபட்டு நிற்கும் ரப்பரின் பிணைப்புகளை வெட்டி வெடிப்பு விழச் செய்கிறது. அதைத் தடுக்க டயர் கம்பெனிக்காரர்கள் ரப்பரோடு இரண்டு பொருட்களைச் சேர்க்கிறார்கள். ஒன்று மெழுகு. இன்னொன்று 6பிபிடி என்ற ரசாயனம். டயர் சுழன்று, அமுங்கி, நிமிரும்போது இவை இரண்டும் உள்ளிருந்து மெல்ல மேலே கசிந்து வரும். மெழுகு ஒரு படலமாகப் படியும். 6பிபிடி ஓசோனுக்குத் தன்னையே பலி கொடுத்து ரப்பரைக் காப்பாற்றும். அப்படிப் பலியான பிறகு அது பழுப்பாக மாறிவிடும்.

அதாவது, சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) நீங்கள் பார்க்கும் அந்தப் பழுப்பு, டயர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். அழுக்கும் பிரேக் தூளும் பழைய பாலிஷும் அதோடு சேர்ந்துகொள்ளும். (இந்த 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து உருவாகும் பொருள், தேய்ந்த டயர் தூளிலிருந்து மழைநீரோடு ஓடைக்குப் போய் அமெரிக்க மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாற்று தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. டயர் கறுப்புக்குப் பின்னால் இவ்வளவு கதை.)

இதிலிருந்து தேர்வுக்கு உதவும் மூன்று விஷயம் கிடைக்கிறது. பழுப்பின் மேலேயே பாலிஷ் பூசினால் பாலிஷ் பிடிப்பது ரப்பரில் அல்ல, பழுப்பில். அதனால் சீக்கிரம் வழிந்துவிடும். மெழுகைக் கரைக்கும் எந்த எண்ணெயும் டயருக்கு நண்பன் இல்லை. அப்புறம், ஓடுகிற டயர் மெழுகைத் தானே மேலே கொண்டுவந்துகொள்ளும். மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிற காரின் டயரில்தான் வெடிப்பு விழும். அதற்கு மருந்து பாட்டிலில் இல்லை, வாரம் ஒருமுறை வண்டியை எடுத்து ஓட்டுவதில் இருக்கிறது.

சிலிக்கோன் டயரைக் கெடுக்குமா

இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். வயதான ரப்பரின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் கரடுமுரடாக இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எந்த எண்ணெயைத் தடவினாலும் அந்தப் பள்ளங்கள் நிரம்பி, வெளிச்சம் சிதறாமல், கறுப்பாகத் தெரியும். தண்ணீர் பட்ட டயர் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். சிலிக்கோன் எண்ணெயின் சிறப்பு, அது தண்ணீர் மாதிரி உடனே ஆவியாகாது, டீசல் மாதிரி ரப்பருக்குள் புகுந்து ஊறவும் செய்யாது. மேலேயே நிற்கும். டயர் தொழிற்சாலையில் வார்ப்பின்போது ரப்பர் ஒட்டாமல் இருக்கப் பூசும் பொருட்களிலேயே சிலிக்கோன் உண்டு.

இருந்தாலும் டயர் கம்பெனிகள் எல்லாம் இதற்குப் பச்சைக்கொடி காட்டிவிடவில்லை. பெட்ரோலியமும் ஆல்கஹாலும் கலந்த பாலிஷ்கள் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. சில கம்பெனிகள் சிலிக்கோனையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அவர்களுடைய கவலை, பூசும் பொருள் டயருக்குள் இருக்கும் பாதுகாப்பு ரசாயனங்களோடு சூட்டில் வினைபுரிந்துவிடுமோ என்பது. எல்லாக் கம்பெனிக்கும் சம்மதமான ஒன்று இருக்கிறது என்றால் அது சோப்புத் தண்ணீர்தான். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: தண்ணீர் வகை லோஷனை மெல்லிசாகப் பூசி மீதியைத் துடைத்தால் பயப்பட ஒன்றும் இல்லை. கரைப்பான் வகையை வாராவாரம் ஊற்றி ஊறவைப்பதுதான் வம்பு.

தண்ணீர் வகை லோஷன்

பால் வெள்ளை நிறம், லேசான வாசனை, தீப்பிடிக்காது. தடவும்போது வெள்ளையாக இருக்கும், தண்ணீர் ஆவியானதும் நிறம் மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். கிடைக்கிற தோற்றம் புது டயர் கடையில் அடுக்கி வைத்த டயர் மாதிரி: கறுகறுவென்று, ஆனால் கண்ணைப் பறிக்காமல். கையால் தொட்டால் ஒட்டாது. செம்மண் சாலையில் போய் வந்தாலும் தூசு வந்து அப்பிக்கொள்வது குறைவு. எனக்குப் பிடித்ததே இந்தக் கடைசிக் குணம்தான்.

இன்னொரு வசதி, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யலாம். கார்ப்ரோ நிறுவனத்தின் பெர்ல் போன்றவை அப்படிப் பயன்படுத்தவே தயாரிக்கப்பட்டவை. கெட்டியாக விட்டால் டயருக்கு, தண்ணீர் அதிகம் சேர்த்தால் பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்குக்கு, இன்னும் சேர்த்தால் உள்ளே டேஷ்போர்டுக்கு. ஒரு டயருக்குப் பத்து மில்லி போதும். நான்கு டயருக்கு நாற்பது. அரை லிட்டர் பாட்டில் பன்னிரண்டு முறைக்கு வரும்; சரிபாதி தண்ணீர் சேர்த்தால் அதன் இரண்டு மடங்கு. வாராவாரம் பூசினால்கூட ஒரு பாட்டிலில் ஏறக்குறைய அரை வருடத்தை ஓட்டிவிடலாம். பாட்டில் விலையை மட்டும் பார்த்து 'இது காஸ்ட்லி' என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

குறை என்ன? நிற்காது. வெயில் காலத்தில் ஒரு வாரம் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் தேங்கிய தண்ணீரில் போய் வந்தால் போயே போச்சு. மாதம் ஒருமுறைதான் காரைக் கழுவுவேன் என்பவருக்கு இது ஒத்துவராது.

ஜெல்லும் கரைப்பான் வகையும்

இவை கண்ணாடி மாதிரி மின்னும். ஈரமாக இருப்பது போலவே தெரியும். ஷோரூமில் டெலிவரி எடுக்கும் அன்று டயர் மின்னுமே, அந்த மினுமினுப்பு. மெகையர்ஸ் நிறுவனத்தின் ஊதா நிற என்டியூரன்ஸ் ஜெல் இந்த வகைத் தோற்றத்துக்கு நல்ல உதாரணம். கெட்டியாக இருப்பதால் வழியாது, எழுத்துப் பள்ளங்களுக்குள் நன்றாக ஏறும். நன்றாகக் கழுவிய டயரில் பூசினால் இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும், நடுவில் ஒரு மழை வந்தாலும் தாங்கும்.

ஆனால் அந்த ஈரத் தோற்றமே இதன் எதிரி. தூசு போய் ஒட்டிக்கொள்ளும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் பத்து கிலோமீட்டர் போய்விட்டு வந்தால் டயர் கறுப்பாக இருக்காது, செம்மண் நிறத்தில் பூசி மெழுகியது போல் இருக்கும். அடுத்தது தெறிப்பு. மிச்சம் நிற்கும் ஜெல், வண்டி வேகம் எடுத்ததும் பக்கக் கதவின் அடிப்பகுதியிலும் பின் பம்பரிலும் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். வெள்ளைக் காரில் இது அசிங்கமாகத் தெரியும். நம் ஊரில் வெள்ளைக் கார்தான் அதிகம். அந்தப் புள்ளி சாதாரணத் தண்ணீரில் போகாது. பின்னால் எப்போதாவது அந்த இடத்தில் பெயிண்டிங் செய்ய நேர்ந்தால், சிலிக்கோன் ஒட்டியிருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் குட்டிக் குட்டிக் குழி விழும். பெயிண்டிங் பட்டறைக்காரர்கள் சிலிக்கோன் என்றாலே முகம் சுளிப்பது இதனால்தான்.

பாட்டிலில் எது என்று எழுதவில்லையா? மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனையும் தீப்பிடிக்கும் எச்சரிக்கைச் சின்னமும் இருந்தால் கரைப்பான் வகை. இன்னும் சந்தேகமா, ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுக் கலக்குங்கள். பால் போலக் கலந்தால் தண்ணீர் வகை, மேலே எண்ணெயாக மிதந்தால் மற்றது.

ஸ்பிரே கேன்

இதில் இரண்டு விதம். அடித்ததும் சோப்பு நுரை மாதிரிப் பொங்கித் தானே வழிந்து காய்வது ஒன்று. நேராக ஈரமாகப் பூசுவது இன்னொன்று. அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்பதுதான் விற்பனைக்காரர் சொல்லும் சிறப்பு. உண்மைதான், வேகத்தில் இதை எதுவும் அடிக்க முடியாது. ஆயுத பூஜை அன்று காலை, சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கும் முன், ஐந்து நிமிடத்தில் நான்கு டயரையும் கறுப்பாக்க வேண்டுமா? ஸ்பிரேதான் சரி.

அன்றாடத்துக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் பிரேக். இன்றைய அலாய் வீல்களில் கம்பிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அதற்குப் பின்னால் டிஸ்க் திறந்தபடி நிற்கிறது. காற்றில் அலையும் சிலிக்கோன் துளி டிஸ்க்கிலும் பேடிலும் படிந்தால் பிரேக் பிடிப்பு குறையும். அழகுக்கு அடித்த பாலிஷ் சிக்னலில் வண்டியை நிறுத்தவிடாமல் செய்தால் என்ன பிரயோஜனம்? கட்டாயம் ஸ்பிரேதான் என்றால் ஸ்பாஞ்சில் அடித்து, ஸ்பாஞ்சால் டயரில் தடவுங்கள். அப்படிச் செய்தால் ஸ்பிரேயின் வேகம் போய்விடும். அப்புறம் எதற்கு ஸ்பிரே என்பது நியாயமான கேள்வி.

கேனை டிக்கியிலேயே போட்டு வைக்கும் பழக்கமும் சரியில்லை. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள் என்று இப்படிப்பட்ட கேன்களில் எச்சரிக்கை இருக்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் அந்தச் சூட்டைத் தாண்டுவது சாதாரணம்.

கோட்டிங்

அக்ரிலிக் அல்லது செராமிக் வகைப் பூச்சு. டஃப் ஷைன் போன்றவை அக்ரிலிக். நெயில் பாலிஷ் மாதிரி, காய்ந்தால் கெட்டிப் படலமாகிவிடும். எண்ணெய் இல்லை, ஆகவே ஒட்டாது, தெறிக்காது, தூசு அப்பாது. மாதக்கணக்கில் நிற்கும், அழுக்கானால் சோப்புத் தண்ணீர் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூசுவதற்கு முன் டயரில் பழைய சிலிக்கோன் துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் உரியும். அதற்கே அரை நாள் தேய்க்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றும் காயும் வரை மழை, தூசு இல்லாத இடம். மூடிய கராஜ் வைத்திருக்கும் கார்ப்பித்தர்களுக்கு இது சரி. தெருவில் நிறுத்தி, பிளாட்பார ஓரத்தில் சைடுவாலை உரசி உரசி ஓட்டும் காருக்கு வீண் செலவு.

வாட்டர் வாஷ் கடை டீசலும் வீட்டு வைத்தியமும்

டீசல் அல்லது பழைய ஆயில் கலந்த டீசலை டயரில் அடித்துவிட்டு, 'பாருங்க சார், புது டயர் மாதிரி இருக்கு' என்பார்கள். இருக்கத்தான் செய்யும், ஒரு நாளைக்கு. ரப்பருக்கு டீசல் என்ன செய்கிறது என்று நீங்களே பார்க்கலாம்: ஒரு ரப்பர் பேண்டை ராத்திரி டீசலில் போட்டு வையுங்கள். காலையில் உப்பி, தொளதொளவென்று, இழுத்தால் சட்டென்று அறுந்துபோகும். டயரில் ஒரு முறை அடித்தால் அந்த அளவுக்கு ஆகாது. ஆனால் மேலே வந்து நின்ற மெழுகையும் பாதுகாப்பு ரசாயனத்தையும் கரைத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். மாதாமாதம் செய்தால் டயர் சீக்கிரமே வெளுத்து வெடிப்பு விடும். பிறகு அந்த வெளுப்பை மறைக்க இன்னும் டீசல். வண்டியைக் கொடுக்கும்போதே 'டயருக்கு எதுவும் அடிக்க வேண்டாம், கழுவினால் போதும்' என்று சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் சேவை மனப்பான்மையில் அடித்துவிடுவார்கள். கறுப்பு டயர் பெயிண்ட் பூசுவது அதைவிட மோசம். சைடுவால் வளைய வளைய அது செதிள் செதிளாக உரிந்து வரும்.

தேங்காய் எண்ணெய் டீசல் அளவுக்குக் கேடு இல்லை. ஆனால் பிசுபிசுப்பாகிப் புழுதியைக் குழைத்துக்கொள்ளும், நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். ஷூ பாலிஷ் தோலுக்குச் செய்தது. மெழுகும் கரைப்பானும் சாயமும் கலந்தது, டயர் வளையும்போது விரிசல் விட்டுவிடும், கை வைத்தால் கையில் ஒட்டும். வீட்டுப் பொருளில் நான் தள்ளாத ஒன்று கிளிசரின். மருந்துக்கடையில் கிடைக்கும். சம அளவு தண்ணீரில் கலந்து தடவினால் டயர் நன்றாகவே கறுக்கும், ரப்பரை ஒன்றும் செய்யாது. முதல் மழையில் கரைந்துவிடும் என்பதுதான் கணக்கு. கல்யாணத்துக்குக் காரை அலங்கரிக்கிற ஒரு நாளைக்கு அது போதும்.

பூசுவதைவிடத் தேய்ப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்

எந்தப் பாட்டில் வாங்கினாலும், அது எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயர் எவ்வளவு சுத்தம் என்பதுதான். விலை உயர்ந்த ஜெல்லைப் பழுப்பின் மேல் பூசியவருக்கு மூன்றே நாளில் போய்விடும். சாதா லோஷனைச் சுத்தமான ரப்பரில் பூசியவருக்கு ஒரு வாரம் நிற்கும்.

டயர் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். காலையில் அல்லது சாயங்காலம், நிழலில். சூடான ரப்பரில் சோப்பும் காயும், பாலிஷும் திட்டுத் திட்டாகக் காயும். காரின் உடம்பைக் கழுவுவதற்கு முன்னால் டயரையும் ரிம்மையும் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் டயர் அழுக்கு துடைத்த கதவில் தெறிக்கும். டயருக்கு வைத்த வாளியும் பிரஷும் தனி. பிரேக் தூள் ஒட்டிய பிரஷை மறந்து போய் பானெட்டில் வைத்தால் கீறல்தான்.

சுத்தம் செய்ய 'ஆல் பர்ப்பஸ் கிளீனர்' என்று விற்கும் கார வகைத் திரவம் சிறந்தது, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்து. அது இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் பரவாயில்லை. அழுக்கை எடுக்கும், பழைய சிலிக்கோனை மட்டும் முழுசாக எடுக்காது. துணி துவைக்கும் கெட்டி நைலான் பிரஷ் ஒன்று போதும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. வட்டமாகத் தேய்க்கும்போது முதலில் காபி நிறத்தில் நுரை வரும். கழுவி, மறுபடி சோப்புப் போட்டுத் தேயுங்கள். நுரை வெள்ளையாக வரும் வரை விடாதீர்கள். பல வருடம் கண்டதையும் பூசிய டயருக்கு மூன்று நான்கு சுற்று ஆகும். அடுத்த முறையிலிருந்து ஒரே சுற்றில் முடிந்துவிடும். புது டயரிலும் இதே பழுப்பு வரும், அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசியதன் மிச்சம் அதில் இருக்கும்.

கழுவிய பின் உடனே துடையுங்கள். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. அதைக் காற்றில் காய விட்டால் கறுப்பு ரப்பரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதன் மேல் எதைப் பூசினாலும் கீழே சாம்பலாகத் தெரியும். பழைய துண்டால் ஒற்றி எடுத்து, எழுத்துப் பள்ளங்களில் நிற்கும் தண்ணீரும் போகும் வரை ஒரு பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஈர டயரில் பூசியதுதான் பாதித் தெறிப்புக்குக் காரணம்.

இனிப் பூசுவது சுலபம். ஸ்பாஞ்சு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டு அதில் லோஷன் விடுங்கள். டயரில் நேராக ஊற்றாதீர்கள். ரிம் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, சைடுவால் முடியும் இடம் வரை. பட்டன் (தரையில் படும் பகுதியின் வரிகள்) இருக்கும் பக்கம் போகவே கூடாது. தரையைப் பிடிக்கும் இடத்தில் எண்ணெய் இருந்தால் வழுக்கும். எழுத்துகளுக்கு நடுவில் பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றால் தட்டித் தட்டி ஏற்றலாம். கால் மணி நேரம் கழித்து ஒரு வேஸ்ட் துணியால் முழுதும் ஒரு முறை துடையுங்கள். இந்தக் கடைசித் துடைப்பை யாரும் செய்வதில்லை. செய்தால் தெறிக்காது, தூசு பிடிக்காது, கறுப்பு மட்டும் நிற்கும். இன்னும் மினுமினுப்பு வேண்டும் என்றால் துடைத்த பிறகு இரண்டாவது மெல்லிய கோட். முதல் கோட்டைத் தடிமனாகப் போட்டு அதை வரவழைக்க முடியாது. பூசி முடித்ததும் வண்டியை எடுக்காமல் அரை மணியாவது, ஜெல் என்றால் அதற்கும் மேலே, நிறுத்தி வையுங்கள்.

பைக், ஸ்கூட்டர் டயருக்கு இதில் எதுவும் வேண்டாம். திருப்பத்தில் சாயும்போது அதன் ஓரமும் தரையில் படும்.

யாருக்கு எது

அபார்ட்மெண்டில் ஞாயிறு காலை வாளித் தண்ணீரோடு இறங்குபவருக்குத் தண்ணீர் வகை லோஷன், யோசிக்கவே வேண்டாம். மாதம் ஒரு முறை வாட்டர் வாஷில் விடுபவர், அதுவும் தார்ச் சாலையிலேயே ஓட்டுபவர் என்றால் ஜெல் வாங்கித் தானே பூசிக்கொள்வது லாபம்; கடையில் பூசச் சொன்னால் எந்தக் கேனிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருங்கள். மழைக்காலம் முழுக்கப் பூசாமலே விட்டாலும் குடி முழுகிப் போகாது. டாக்ஸி ஓட்டுபவருக்குச் சுத்தமான டயர் போதும், பாலிஷ் தேவையில்லை. பயணி பார்ப்பது சீட்டைத்தான். கார் பெரும்பாலும் கவர் போட்டு நிற்கிறது என்றால் பாலிஷுக்கு முன் காற்றழுத்தத்தைக் கவனியுங்கள்.

ஒன்றுமே பூசாத டயர் ஒரு நாளும் அசிங்கமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய, சாயம் போகாத டயருக்குத் தனக்கென்று ஒரு மங்கிய கறுப்பு இருக்கும். லோஷன் பூசுகிற எனக்கே சில வாரம் அதைப் பார்த்துவிட்டு பாட்டிலை எடுக்கத் தோன்றுவதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு

செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் இடங்களில் டயர்கள் எப்போதும் மின்னும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, வண்டியைத் துடைத்து நிறுத்துவது வியாபார வழக்கம். ஆனால் பாலிஷ் வயதை மறைக்கும். மெல்லிய வெடிப்புகளில் எண்ணெய் நிரம்பிவிடுவதால் கண்ணுக்கே தெரியாது. கையில் ஒரு ஈரத் துணி கொண்டுபோய் சைடுவாலில் ஓர் இடத்தை நன்றாகத் துடைத்து, விரலால் அழுத்தி, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பிறகு டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களில் கடைசி நான்கைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கம் அந்த நான்கு எண்கள் இல்லையென்றால் உள்பக்கச் சைடுவாலில் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறை டயர் கடையில் காட்டச் சொல்கிறார்கள். பத்து வருடம் ஆனதைப் பட்டன் மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு யாரும் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள், அதனால் மற்ற நான்கைவிட அது உண்மையைச் சொல்லும்.